பழைய காரின் பின் சஸ்பென்ஷன் புஷ்: புது ரப்பரா, பாலியா, முழு ஆர்மா?

வேகத்தடையில் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது ‘டொக்’கென்று ஒரு சத்தம். வளைவில் திரும்பினால் முன்பக்கம் போன பிறகு பின்பக்கம் யோசித்து யோசித்து வருகிற மாதிரி ஓர் ஆட்டம். டயரைப் பார்த்தால் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகிக் கிடக்கிறது. கீழே படுத்து டார்ச் அடித்தால், சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கையான ஆர்மின் கண்ணுக்குள், அதாவது அதன் முனையிலுள்ள வட்டத் துளைக்குள், ரப்பர் கிழிந்து நடுக்குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிகிறது. அந்த ரப்பர் இணைப்புதான் புஷ், அது போய்விட்டது. அதுவரைக்கும் குழப்பமில்லை.

குழப்பம் அதற்கப்புறம்தான். புஷ்ஷை மட்டும் வாங்கி வீட்டிலேயே ஏற்றலாமா? ‘ரப்பருக்குப் பதில் பாலி, அதாவது பாலியூரித்தேன், போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை’ என்று ஒரு நண்பர் சொல்கிறாரே? புஷ்ஷோடு சேர்ந்தே வரும் முழு ஆர்மை வாங்கி மாட்டிவிடலாமா? ஆர்மை மட்டும் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போகலாமா? இல்லை, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா? பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்த ஐந்துக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த வேலையில் முடிவெடுப்பது போல்ட்தான். புஷ்ஷின் விலையையும் ரகத்தையும் ஒப்பிட்டுக் கூகுளில் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். காருக்கு அடியில் போனதும், பத்து பதினைந்து வருடத் துரு நம் தேர்வுகளில் பாதியை அடித்துவிடுகிறது. அதனால் ஒப்பீட்டுக்கு முன் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி.

## புஷ்தான் காரணமா?

பின்பக்கச் சத்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு: ஷாக் அப்சார்பரின் மேல்மவுண்ட், ஸ்டெபிலைசர் லிங்க், புகைபோக்கியைத் தாங்கும் ரப்பர் வளையம். மூன்றுமே புஷ்ஷைவிடச் சுலபமான வேலை, அவற்றை முதலில் பாருங்கள். பிறகு ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஒரு நெம்புகம்பியை விட்டு மெதுவாக நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் வளைந்துகொடுத்துத் திரும்பினால் அது இயல்பு. இரும்பு இரும்பில் தட்டினாலோ, ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்து பிளவு வாய் திறந்தாலோ புஷ் முடிந்தது. மேற்பரப்பில் மெல்லிய மயிரிழை விரிசல்கள் மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். பழைய ரப்பர் அப்படித்தான் இருக்கும். சில கார்களில் புஷ்ஷுக்குள் திரவம் அடைத்திருப்பார்கள். அதைச் சுற்றி ஈரமும் எண்ணெய்க் கறையும் இருந்தால் கிழிசல் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

விலை கடைசியில் வரட்டும். முதலில் பார்க்க வேண்டியவை: போல்ட் விடுகிறதா, பின்பக்க அமைப்பு எந்த வகை, கையில் என்ன கருவி இருக்கிறது, கார் எத்தனை நாள் நின்றால் தாங்குவீர்கள், இந்தக் காரை இன்னும் எவ்வளவு காலம் ஓட்டப்போகிறீர்கள்.

அமைப்பு என்று சொன்னது முக்கியம். பின்பக்கத்தில் தனித்தனியாக நான்கைந்து சின்ன ஆர்ம்கள் இருக்கும் மல்டிலிங்க் கார் என்றால் ஒவ்வோர் ஆர்மையும் கையில் எடுத்துவரலாம். இரண்டு சக்கரத்தையும் ஒரே குறுக்குத்தண்டு இணைக்கும் டார்ஷன் பீம் கார் என்றால் பெரிய புஷ் இரண்டுதான். ஆனால் அவை இருப்பது முழு ஆக்சிலின் முன்முனைகளில். அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது.

## போல்ட் சோதனை

புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக்குழாய், அதன் வழியாகப் போல்ட் போகிறது. தண்ணீரும் சேறும் அந்தக் குழாய்க்குள் இறங்கி, வருடக்கணக்கில் போல்ட்டையும் குழாயையும் ஒன்றாக்கிவிடும். நட்டைக் கழற்றியதும் பாதி வேலை முடிந்தது என்று நினைப்போம், போல்ட் அசையாது.

மூன்று நாள் முன்னதாகத் தொடங்குங்கள். கம்பி பிரஷால் வெளியே நீட்டியிருக்கும் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் மாலையில் அடியுங்கள். மூன்றாம் நாள் காரை ராம்ப்பில் ஏற்றி, சக்கரங்களில் எடை இருக்கும்போதே நட்டை நீண்ட கைப்பிடியால் இளக்குங்கள். சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் மையம் விலகிய துளையுடைய வாஷர் உள்ள போல்ட் என்றால், தொடுவதற்கு முன் அது நிற்கும் இடத்தைப் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்துவிடுங்கள். டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) கொடுத்த பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று கையேடு சொல்லும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத் தக்கவை. அந்த வகையாக இருந்தால் புதுப் போல்ட் கைக்கு வந்த பிறகு சோதியுங்கள்.

நட் இளகியதும் போல்ட்டின் தலையில் ஸ்பேனர் போட்டுக் கால் சுற்று திருப்பிக் கையை விடுங்கள். போல்ட் அங்கேயே நின்றால் நல்ல செய்தி. குழாய்க்குள் தனியாகச் சுற்றுகிறது, தட்டினால் வந்துவிடும். ஸ்பேனர் ஸ்பிரிங் மாதிரி உங்கள் கையைத் தள்ளிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பினால், போல்ட்டும் குழாயும் ஒட்டிவிட்டன. நீங்கள் திருப்பியது ரப்பரை. அந்தப் போல்ட்டை பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

இன்னொரு பொறியும் உண்டு. சில கார்களில் நட் வெளியே தெரியாது. பாடியின் பெட்டிக்குள் வெல்டு செய்து வைத்திருப்பார்கள். அங்கே பலத்தைக் காட்டினால் நட் வெல்டை விட்டு உள்ளே சுற்றத் தொடங்கும். பிறகு பாடியில் ஓட்டை போட்டால்தான் அதைப் பிடிக்க முடியும். அந்த இடத்தில் கை நன்றாகத் தயங்கினால், நிறுத்திவிடுவதே நல்லது.

சோதனை முடிந்ததும், எடை சக்கரத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் உரிய டார்க்கில் திரும்ப இறுக்கிவிடுங்கள். இப்போது ஒப்பிடலாம்.

## தேர்வு 1: பழைய ஆர்மிலேயே புது ரப்பர் புஷ்

காருக்கு முதலில் வந்த குணத்தை அப்படியே திருப்பித் தருவது இதுதான். ரப்பர் புஷ் என்பது வெளிக்குழாய், உள்குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது எதுவும் வழுக்குவதில்லை. ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. அதனால் கிரீஸும் வேண்டாம், சத்தமும் வராது.

வீட்டில் கஷ்டம் கொடுப்பது பழையதை வெளியே எடுப்பது. அழுத்தும் இயந்திரமான பிரஸ் இல்லாதவர்கள் தடித்த மரைத்தண்டு, இரண்டு நட், ஒரு கிண்ணம், ஒரு தள்ளுவட்டு வைத்துச் செய்வார்கள். கிண்ணத்தின் உள்விட்டம் புஷ்ஷின் வெளிக்குழாயைவிடச் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். தள்ளுவட்டு சற்றுச் சிறியதாக, வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் உட்கார வேண்டும். நடுக்குழாயிலோ ரப்பரிலோ அழுத்தினால் புதுப் புஷ் ஏறும்போதே கிழிந்துவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண மென்தண்டு நம்பத் தக்கதில்லை. 8.8 அல்லது 10.9 தரத்தண்டு வாங்கி, மரையில் கிரீஸ் தடவி, நட்டுக்குக் கீழே கடினமான வாஷர் போடுங்கள்.

அசையாத புஷ்ஷுக்கு வேறு வழி: ரப்பரைச் சுற்றிலும் டிரில்லால் துளைத்து நடுக்குழாயைப் பிடுங்கிவிட்டு, ஹேக்சா பிளேடைக் கண்ணுக்குள் நுழைத்து, பிறகு ஃபிரேமில் மாட்டி, வெளிக்குழாயை உள்ளிருந்து நீளவாக்கில் அறுப்பது. அறுக்கும் சத்தம் மாறுவதைக் கவனித்துக்கொண்டே போக வேண்டும். குழாய் முடிந்து ஆர்ம் தொடங்கும் இடத்தில் பிளேடு வேறு மாதிரி கடிக்கும். முழுதும் அறுபடும் முன்பே உளியை வைத்துத் தட்டினால் குழாய் உள்ளே மடங்கி விழுந்துவிடும். சிலர் ரப்பரை எரித்துவிடுவார்கள். அந்தப் புகையைச் சுவாசிக்க எந்தப் புஷ்ஷும் தகுதியானதில்லை.

‘புஷ்ஷை ஃபிரீசரில் வை, தானாக விழும்’ என்ற புகழ்பெற்ற யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஃகு ஒரு டிகிரிக்கு அதன் அளவில் பத்து லட்சத்தில் 12 பங்கு சுருங்கும். 45 மி.மீ. விட்டமுள்ள புஷ்ஷை 40 டிகிரி குளிர்வித்தால் சுருங்குவது சுமார் 0.02 மி.மீ. கெடுதலில்லை, ஆனால் அதிசயமும் இல்லை. அலுமினிய ஆர்மாக இருந்தால் ஆர்மை வெந்நீரில் சூடாக்குவது அதிகம் உதவும். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும்.

மறைந்திருக்கும் செலவுகள்: தண்டும் கிண்ணங்களும், தவறாக ஏறி வீணாகும் முதல் புஷ், நினைத்ததைவிட இரட்டிப்பாகும் நேரம். இன்னொன்று திசை. பல புஷ்களில் ரப்பருக்கு நடுவே இடைவெளிகள் விட்டிருப்பார்கள்; அந்த இடைவெளி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் புஷ் மென்மையாக இருக்கும். பழையதை எடுக்கும் முன் ஆர்மில் கோடு போட்டுப் படமும் எடுத்துவிடுங்கள். 90 டிகிரி மாற்றி ஏற்றினால் கார் ஓடும், ஆனால் வேறு காராக ஓடும்.

எப்போது சிறந்தது: போல்ட் விடுகிறது, எஃகு ஆர்ம், நல்ல தயாரிப்பில் புஷ் தனியாகக் கிடைக்கிறது, உங்களுக்கு ஒரு முழு வார இறுதி இருக்கிறது.

## தேர்வு 2: பாலியூரித்தேன் புஷ்

பொறுமையில்லாதவர்களை ஈர்க்கும் தேர்வு. பெரும்பாலும் இரண்டு பாதிகளாக வருவதால் கையாலேயே தள்ளி ஏற்றலாம், பிரஸ் தேவையில்லை. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதுவதுபோல ஊதாது. வண்டியின் பின்பக்கம் சட்டென்று இறுக்கமாகும்.

ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு. இங்கே உள்குழாய் பாலிக்குள் வழுக்கிச் சுற்றுகிறது. வழுக்கும் இடத்தில் மசகு தீர்ந்தால் கீச்சென்று கத்தும். ஒவ்வொரு வேகத்தடையிலும் பழைய கட்டில் மாதிரி. அதோடு வரும் சிலிகான் அடிப்படையிலான கிரீஸைத்தான் போட வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் திரும்பவும் தடவ வேண்டியும் வரலாம். சாலையின் சிறு அதிர்வுகள் உட்புறத்துக்குக் கூடுதலாக வரும்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று. முன்னிருந்து பின்னோக்கி நீளும் டிரெய்லிங் ஆர்ம் போன்ற சில ஆர்ம்கள் மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை, பக்கவாட்டிலும் சற்று முறுக்கிக்கொள்ளும். ரப்பர் எல்லாத் திசையிலும் விட்டுக்கொடுக்கும். கடினமான பாலி விட்டுக்கொடுக்காது. அங்கே அழுத்தம் புஷ்ஷை விட்டு ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் போகிறது.

பல பாலி புஷ்கள் பழைய வெளிக்குழாயை ஆர்மிலேயே விட்டுவிடச் சொல்லும், சில அதை எடுக்கச் சொல்லும். வாங்கும் முன் பாருங்கள். எடுக்க வேண்டும் என்றால் ‘பிரஸ் வேண்டாம்’ என்ற லாபத்தில் பாதி போய்விடுகிறது.

எப்போது சிறந்தது: வேகமாக ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கும் கார், அல்லது ரப்பர் புஷ் தயாரிப்பே நின்றுபோன மாடல். தினமும் வீட்டாரை ஏற்றிச் செல்லும் காருக்கு நான் போடமாட்டேன்.

## தேர்வு 3: புஷ்ஷோடு வரும் முழு ஆர்ம்

மல்டிலிங்க் கார் வைத்திருப்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு. அழுத்தும் வேலையே இல்லை. பழையதை எடு, புதியதை மாட்டு. போல்ட் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை. பிராக்கெட்டுக்குச் சேதம் வராமல் புஷ்ஷின் இரு பக்கமும் அறுத்து வீசிவிடலாம், பழைய ஆர்மைக் காப்பாற்றும் பொறுப்பு இல்லை. சோதனையில் ஸ்பேனர் ஸ்பிரிங் மாதிரி திரும்பியவர்களுக்கு வீட்டில் செய்ய இதுதான் நேரான வழி.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? புஷ்ஷின் தரத்தில். மலிவான ஆர்மில் இரும்பு பளபளப்பாக இருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் சீக்கிரமே பிரிந்துவிடும். அப்போது மொத்த வேலையும் திரும்ப. தயாரிப்பாளர் தெரியாத ஆர்முக்கும் நல்ல தயாரிப்பில் தனிப் புஷ்ஷுக்கும் நடுவில் நின்றால், நான் தனிப் புஷ் பக்கம் போவேன். காயலான் கடையிலிருந்து எடுத்த ஆர்ம் என்றால் அதன் புஷ்ஷுக்கும் உங்கள் புஷ்ஷின் வயதுதான்.

புதுப் போல்ட், நட் செட்டைச் சேர்த்தே வாங்குங்கள். அறுத்த பிறகு தேடினால் கார் ஸ்டாண்டிலேயே நிற்கும்.

## தேர்வு 4: கழற்றுவது நான், அழுத்துவது பட்டறை

நல்ல சமரசம். பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது. வீட்டில் ஒரு மதியம் பிடிக்கும் வேலை அங்கே சில நிமிடம். அலுமினிய ஆர்ம் என்றால் இதையே சொல்வேன். சரியாகத் தாங்கல் கொடுக்காமல் அழுத்தினால் அதன் கண் விரிசல் விடும், அந்த ஆர்மை வளைத்து நிமிர்த்திப் பயன்படுத்தவும் முடியாது.

இதில் கார் அசையாமல் நிற்கும், நீங்கள் ஆர்மோடு வேறு வண்டியில் போக வேண்டும். பட்டறைக்காரருக்கு உங்கள் காரின் ஆர்மில் புஷ் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று தெரியாது. கோட்டை நீங்களே போட்டு, புதுப் புஷ்ஷிலும் அதற்கு நேராக ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்வது போதாது.

## தேர்வு 5: மொத்தமாகப் பட்டறையில்

டார்ஷன் பீம் காரும் துருப்பிடித்த போல்ட்டும் சேர்ந்து வந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆக்சிலின் முன்முனையை இறக்க வேண்டும், பிரேக் ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் எவ்வளவு தொங்கும் என்று பார்க்க வேண்டும், புஷ்ஷை இடத்திலேயே இழுக்கும் தனிக் கருவியும் பல மாடல்களுக்கு வேண்டும். நெருப்பு வைத்துப் போல்ட்டை இளக்க வேண்டிய நிலை வந்தாலும் இங்கேதான். பின் ஆர்ம்களுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது, வீட்டு ஷெட்டில் அந்த விளையாட்டு வேண்டாம்.

பட்டறைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசி இறுக்கத்தை எந்த நிலையில் செய்வீர்கள்? சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கூலியில் சேர்ந்ததா, தனியா? முதல் கேள்விக்குப் புரியாத பார்வை வந்தால் வேறு பட்டறை பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | வீட்டில் ரப்பர் புஷ் | பாலி | முழு ஆர்ம் | கழற்றிக் கொடுப்பது | முழுதும் பட்டறை |
|---|---|---|---|---|---|
| போல்ட் ஒட்டியிருந்தால் | சிரமம் | சிரமம் | பரவாயில்லை | சிரமம் | அவர்கள் கவலை |
| பிரஸ் வேலை | உண்டு | பெரும்பாலும் இல்லை | இல்லை | பட்டறையில் | பட்டறையில் |
| சத்தம், அதிர்வு | முதலில் வந்தபடி | கூடும் | புஷ்ஷின் தரத்தைப் பொறுத்தது | முதலில் வந்தபடி | போடும் புஷ்ஷைப் பொறுத்தது |
| மறைந்த செலவு | கருவி, நேரம் | கிரீஸ், மறுவேலை | மட்டமான புஷ் | போக்குவரத்து, திசைத் தவறு | கூலி |
| டார்ஷன் பீமுக்கு | கடினம் | மாடலைப் பொறுத்து | பொருந்தாது | பொருந்தாது | சிறந்தது |

அலைன்மென்டைப் பட்டியலில் சேர்க்கவில்லை, காரணம் ஐந்துக்கும் அது பொது.

## எந்த வழியில் போனாலும் இது மாறாது

ரப்பர் முறுக்கித் திரும்புகிறது என்றேன் அல்லவா? அதனால் கடைசி இறுக்கம், கார் தன் எடையில் தரையில் நிற்கும் உயரத்தில் நடக்க வேண்டும். ஆர்ம் தொங்கும்போது இறுக்கினால், காரைத் தரையில் இறக்கிய கணத்திலேயே ரப்பர் முறுக்கிய நிலையில் மாட்டிக்கொள்ளும். நிற்கும்போதும் முறுக்கு, ஓடும்போது இன்னும் முறுக்கு. என் முதல் முயற்சியில் நான் இதைத்தான் செய்தேன். எல்லாவற்றையும் ஸ்டாண்டில் வைத்தே இறுக்கி, கை கழுவி, பெருமையாக ஓட்டினேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது புதுப் புஷ் நடுக்குழாயைச் சுற்றி வட்டமாகக் கிழிந்திருந்தது. புஷ்ஷைத் திட்டினேன், தப்பு என்னுடையது என்று புரிய இன்னொரு செட் ஆயிற்று.

செய்யும் முறை சுலபம். ஜாக்கி போடும் முன், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். போல்ட்டுகளைக் கைக்கு இறுகும் அளவில் விட்டு, சக்கரத்தை மாட்டி, காரை ராம்ப்பில் ஏற்றி, அந்த அளவு வந்துவிட்டதா என்று பார்த்து டார்க் ரெஞ்ச் போடுங்கள். ராம்ப் இல்லாவிட்டால் சக்கரம் மாட்டும் ஹப்புக்குக் கீழே ஜாக்கி வைத்து அதே அளவுக்கு உயர்த்தலாம். கார் ஸ்டாண்டை விட்டு எழும்புகிறதா என்று ஒரு கண் அதன்மேல் இருக்கட்டும்.

காயில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் ஆர்மைக் கழற்றும்போது கீழே ஜாக்கி இல்லாமல் கடைசிப் போல்ட்டை எடுக்காதீர்கள். ஸ்பிரிங் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவும் வேண்டாம், ஸ்டாண்ட் கட்டாயம்.

புஷ்ஷை ஏற்ற மசகு வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர். சாதாரண கிரீஸும் எஞ்சின் ஆயிலும் இயற்கை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். இடது கிழிந்து வலது நன்றாக இருந்தாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசுமாக இருந்தால் பின்பக்கம் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

பெயின்ட் கோட்டைப் பார்த்துப் போல்ட்டைப் பழைய இடத்தில் வைத்தாலும், அந்தக் கோடு அலைன்மென்ட் கடை வரை ஓட்டிப்போகத்தான் உதவும். பழைய கோணம் கிழிந்த புஷ்ஷுக்காக வைத்தது. நான்கு சக்கர அலைன்மென்டாகவே கேளுங்கள், அச்சிட்ட தாளில் பின்சக்கர அளவுகள், சரிசெய்யும் முன் இருந்ததும் சரிசெய்த பின் உள்ளதும், இரண்டும் வந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.